தான் முந்துறும் முகம்

பக்கவாதம் வந்து ஏழு வாரங்கள் கழிந்த ஒரு காலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டின் முன்னறையில், பிசியோதெரபிஸ்ட் பெண் அத்தையைப் பார்த்து, "சிரித்துக் காட்டுங்கள்" என்று கேட்டார். அத்தை முயன்றார். வாயின் வலக்கோடி மேலே ஏறியது; இடக்கோடி இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று முறை முயன்றும் அவ்வளவுதான். அந்தப் பெண் குறிப்பெழுதிக்கொண்டு விடைபெற்ற சற்று நேரத்தில், பக்கத்து வீட்டு அக்கா கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்து, தம் வீட்டுக் குரங்குச் சமாசாரத்தைச் சொல்லத் தொடங்கினார். டர்பனில் குடியிருப்பவர்களுக்கு இது புதிதன்று. சன்னலைத் திறந்து வைத்தால் வெர்வெட் குரங்குகள் சமையலறைக்குள் வந்துவிடும். அன்று வந்த குரங்கு, பூசைக்கென்று எடுத்து வைத்திருந்த வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரைமேல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்துத் தோலை அக்காவின் தலைமேலேயே போட்டதாம். அத்தை சிரித்தார். வாயின் இரு கோடிகளும் ஏறின, கன்னங்கள் இரண்டும் திரண்டன, கண்ணோரங்களில் சுருக்கம் விழுந்தது. நான் பதறிப்போய், "அத்தை, இப்ப சிரிச்சீங்களே, அதே மாதிரி இன்னொரு தடவை சிரிங்க" என்றேன். மறுபடியும் வலப்பக்கம் மட்டுமே ஏறியது.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டு விளக்கினார். முகத்தை அசைக்கும் நரம்பு பக்கத்துக்கு ஒன்றுதான், அது ஏழாம் கபால நரம்பு. ஆனால் அந்த நரம்புக்கு மேலிருந்து வரும் கட்டளைக்கு வழிகள் இரண்டு. நாமாக எண்ணி வாயை அசைக்கும்போது கட்டளை மூளையின் மேற்பரப்பிலுள்ள இயக்கப் பகுதியிலிருந்து இறங்குகிறது. வலப்பக்க மூளை இடப்பக்க வாயை ஆள்கிறது. சிரிப்போ அழுகையோ தானாக வரும்போது, அது மூளையின் வேறு பகுதிகளில் தொடங்கி, வேறு பாதையில் இறங்கி, அதே நரம்பை வந்து சேர்கிறது. அத்தைக்கு முதல் வழி அடைபட்டிருந்தது. இரண்டாம் வழி திறந்திருந்தது. நெற்றிக்கு மட்டும் மூளையின் இருபக்கங்களிலிருந்தும் கட்டளை போவதால் அவரால் இரு புருவங்களையும் உயர்த்த முடிந்தது. நரம்பே பழுதுபடும் பெல் வாதமாக இருந்திருந்தால் அந்தப் பக்கத்துப் புருவமும் ஏறியிருக்காது, தானாக வரும் சிரிப்பும் அங்கே வந்திருக்காது.

நான் கல்யாணக் காணொளிகளையும் கருமாதிக் காணொளிகளையும் தொகுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இருபது ஆண்டுகளாகப் பிறர் முகங்களை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்து வந்திருக்கிறேன். தாலி ஏறும் கணத்தில் மணப்பெண்ணின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போகும். கேமரா தன்மேல் இருப்பது தெரிந்ததும் அவள் ஒரு புன்னகையை வருவித்துக்கொள்வாள். இரண்டுக்கும் நடுவே முகம் ஒன்றுமே இல்லாமல் ஒரு கணம் திறந்து கிடக்கும். புன்னகையை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் வெட்டிவிடுவேன். வீட்டார் பணம் கொடுப்பது புன்னகைக்குத்தான். அப்படி நான் வெட்டிப் போடுவதையே முழுவதுமாக எடுத்து வைத்துக்கொள்ளும் ஒரு கலை உண்டு என்பதை நூலகத்தில் எடுத்த ஒரு கலைப் பத்திரிகையில் படித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைக் காணொளி உருவப்படம் என்று சொல்லலாம். ஒரே முகம், அசையாத கேமரா, கதை கிடையாது, பெரும்பாலும் பேச்சும் கிடையாது, நேரம் மட்டும் தாராளமாக இருக்கும். உட்கார்ந்தவர் ஆயத்தமாக வைத்திருந்த முகம் ஒரு நிமிடம் தாங்கும், இரண்டு நிமிடம் தாங்கும். அதன் பிறகு முகம் தன் பாட்டுக்கு இயங்கத் தொடங்கும். கேமரா காத்திருப்பது அதற்காகத்தான். அத்தையின் இரண்டு சிரிப்புகளையும் பார்த்த அன்றுதான் எனக்கு இந்தக் கலை உடம்பில் எங்கே நடக்கிறது என்பது விளங்கியது: முதல் வழி ஓய்ந்து, இரண்டாம் வழி திறக்கும்வரை பொறுத்திருக்கிறது.

இதைச் செய்து காட்டியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹால். 1964 முதல் 1966 வரை நியூயார்க்கில் தம் பட்டறைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து அவர் எடுத்த குறும்படங்களில் 472 இன்றும் இருக்கின்றன. போலெக்ஸ் கேமரா, நூறடி நீளமுள்ள 16 மி.மீ. சுருள், கருப்பு வெள்ளை, ஒலி இல்லை. அசையக்கூடாது, இயன்றவரை இமைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டுச் சில வேளைகளில் வார்ஹால் கேமராவை ஓடவிட்டு எழுந்து போய்விடுவாராம். நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம் எடுத்ததை 16 ஃப்ரேம் வீதம் ஓட்டியதால், மூன்று நிமிடத்துக்குக் குறைவான நேரம் திரையில் நான்கு நிமிடத்துக்கும் மேலாக நீள்கிறது. ஆன் பியூக்கனன் என்ற இளம்பெண்ணின் படம் இவற்றுள் பெயர் பெற்றது. சொன்னபடியே அவர் இமைக்காமல் நேரே பார்க்கிறார். கண்ணில் நீர் திரள்கிறது, பெருகுகிறது, கன்னத்தில் வழிகிறது. கண் காய்ந்ததால் வந்த நீர் அது என்று அறிவுக்குத் தெரிந்தாலும் பார்க்கிறவர் மனம் ஏற்க மறுக்கிறது. காரணமில்லாத கண்ணீருக்கு நாமே ஒரு காரணத்தை உண்டாக்கி வைத்துவிடுகிறோம். முகத்தைப் பார்க்கும்போது நாம் எவ்வளவு தூரம் நம்மையே அதில் எழுதிக்கொள்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

2024இல் மறைந்த காணொளிக் கலைஞர் பில் வயோலாவின் வழி வேறு. 2000ஆம் ஆண்டில் அவர் செய்த ஒரு படைப்பில் ஐந்து பேர் நெருக்கமாக நின்று, ஒவ்வொருவரும் வெவ்வேறு உணர்ச்சியின் உச்சத்துக்குப் போய்த் திரும்புகிறார்கள். அதிவேகமாக ஓடும் கேமராவில் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் நடந்ததை அவர் பதினைந்து நிமிடத்துக்கும் மேலாக நீட்டினார். அவர்கள் நடிகர்கள், உணர்ச்சி வரவழைக்கப்பட்டது. ஆனாலும் அத்தனை மெதுவாக ஓட்டும்போது, துக்கத்திலிருந்து கோபத்துக்குப் போகும் வழியில், எந்த நடிகரும் திட்டமிட்டிருக்க முடியாத, பெயரே இல்லாத முகங்கள் பல வந்து போகின்றன. எனக்கு அந்த இடைமுகங்களே போதும். உச்சத்தில் வரும் முகத்தை நாம் ஆயிரம் படங்களில் பார்த்துவிட்டோம்.

நம் நாட்டவரான காண்டிஸ் பிரைட்ஸ் என் மனத்துக்கு இவர்கள் இருவரையும்விட நெருக்கமானவர். ஜோகன்னஸ்பர்க்கில் 1972இல் பிறந்த அவர், பெரும் பாடகர் ஒருவரின் ரசிகர்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து, ஒவ்வொருவராக, ஓர் இசைத்தட்டின் பாடல்கள் அனைத்தையும் முதலிலிருந்து கடைசிவரை தனியாகப் பாடச் சொன்னார். மைக்கேல் ஜாக்ஸனுக்காக 2005இல் பெர்லினில் 16 பேர். ஜான் லென்னனுக்காக 2006இல் நியூகாஸிலில் 25 பேர். அவர்களைத் தனித்தனித் திரைகளில் வரிசையாக வைத்து ஒன்றாக ஓட்டுகிறார். பாடும்போது ஒவ்வொருவரும் ஒரு முகத்தைப் போட்டுக்கொள்கிறார்கள், அது இயல்பே. பாட்டுக்கு நடுவே வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடைவேளைகளில் என்ன செய்வார்கள்? அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்த அடிக்காகக் காத்திருக்க வேண்டும். என் கண் அந்த இடைவேளைகளைத்தான் தேடிப் போகிறது. பிரிட்டிஷ் கலைஞர் கில்லியன் வியரிங் 1996இல் போலீஸ் சீருடை அணிந்த 26 பேரை ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கச் செய்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே.

கலைஞர்களுக்கு முன்பே மருத்துவர்கள் இந்தக் கதவைத் தட்டியிருந்தார்கள். பாரீசில் டுஷேன் என்ற மருத்துவர், முகத்தில் தொடுவுணர்ச்சி மரத்துப்போன ஒரு முதிய செருப்புத் தொழிலாளியை உட்கார வைத்து, அவர் முகத் தசைகளில் ஒவ்வொன்றாக மின்சாரம் செலுத்தி, எந்தத் தசை எந்த முகத்தைச் செய்கிறது என்று நிழற்படமெடுத்து 1862இல் நூலாக வெளியிட்டார். வாயை இழுக்கும் தசை நம் சொல்லுக்குக் கட்டுப்படும்; கண்ணைச் சுற்றியுள்ள தசையை மெய்யான மகிழ்ச்சிதான் அசைக்கும் என்பது அவர் முடிவு. (மின்சாரம் புன்னகையைச் செய்தபோதும் அந்த முதியவர் மகிழவில்லை; அந்தப் படங்களை என்னால் நெடுநேரம் பார்க்க முடிவதில்லை.) அந்தப் படங்களைத் தம் நூலில் எடுத்தாண்ட டார்வின் தம்மீதே ஒரு சோதனை நடத்தினார். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பஃப் ஆடர் பாம்புக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு, அது கொத்த வந்தாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். பாம்பு சீறிப் பாய்ந்த கணத்தில் ஓரிரு கஜம் பின்னால் துள்ளியிருந்தார். தாம் ஒருபோதும் பட்டறியாத ஓர் ஆபத்தைக் குறித்த கற்பனைக்கு முன்னால் தம் உறுதியும் அறிவும் செயலற்றுப்போனதை 1872இல் வெளியான நூலில் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பாம்பு இந்த மண்ணுக்குரிய விரியன் வகை. கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த எங்கள் தாத்தாமார் கண்ணாடி இல்லாமலே அதை எதிர்கொண்டவர்கள்.

ஆனால் அந்தத் தாத்தாமாரின் முகம் எப்படித் துணுக்குற்றது என்பது எங்கும் பதிவாகவில்லை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், கடைசியில் உடல் அடையாளங்கள். என் கொள்ளுத்தாத்தாவின் வரியில் இடப்புருவத்தின் மேல் தழும்பு என்று எழுதியிருக்கிறது. அவர் முகத்தைப் பற்றி உலகில் எஞ்சியிருப்பது அந்த ஒரு தழும்பு. ஓடிப்போனால் பிடிப்பதற்கு அது போதும். அவர் எப்படிச் சிரிப்பார் என்பது எவருக்கும் தேவைப்படவில்லை. பிறகு 1950இல் மக்கள் பதிவுச் சட்டம் வந்து எல்லாரையும் இனவாரியாகப் பிரித்து எழுதியபோதும், அலுவலர்கள் முகத்தில் பார்த்தது நிறத்தையும் மயிரையும்தான். அத்தையின் முகத்தைக் காணொளியாக எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில் இந்தக் கோபமும் கொஞ்சம் கலந்திருந்தது.

முப்பத்தொரு ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தவர் அத்தை. வீட்டில் அவருடைய பழைய தையல் மெஷின் சன்னலோரமாக இருக்கிறது. அதன் மேசைமேலேயே கேமராவை வைத்தேன். ட்ரைபாட் நின்றால் அவர் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்வார். லேஸ் திரை வழியாக வலப்பக்கமிருந்து காலை வெளிச்சம் வந்தது. லென்ஸ் அவர் கண்மட்டத்தில், மூன்றடி தூரத்தில் இருந்தது. நொடிக்கு 50 ஃப்ரேம் என்று வைத்து, "ஒண்ணும் செய்ய வேணாம் அத்தை, சும்மா உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டு நான் அறையை விட்டுப் போய்விட்டேன். அடுத்த அறையில் பக்கத்து வீட்டு அக்காவின் பேரன், எட்டு வயது, தமிழ்ப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடம் ஓடிய பிறகு வந்து கேமராவை நிறுத்தினேன்.

முதல் ஒன்பது நிமிடங்களில் முகத்தில் ஒரு கடமை இருந்தது. போட்டோவுக்கு உட்காரும் பழைய தலைமுறையின் நிமிர்வு அது. பத்தாம் நிமிடத்தில் தாடை தளர்ந்தது. பார்வை கேமராவை விட்டு எங்கோ போனது. உதடுகள் ஏதோ கணக்குப் போடுவதுபோல ஓசையின்றி அசைந்தன. பதினேழாம் நிமிடத்தில் அடுத்த அறையிலிருந்து பையனின் குரல் கேட்கிறது: "நான் தினமும் பல்லிக்குச் செல்கிறேன்." இங்கே பிள்ளைகளுக்கு வீட்டுமொழி ஆங்கிலம், லகரமும் ளகரமும் அவர்கள் நாவில் ஒன்றாகிவிடும். அவன் ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் போகாமல் பல்லியிடம் போய்க்கொண்டிருந்தான்.

அந்த இடத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். முதலில் அசைந்தது அத்தையின் மூக்குத்தி. அதில் பட்டிருந்த வெளிச்சப் புள்ளி ஒரு ஃப்ரேமில் இருந்த இடத்தில் அடுத்த ஃப்ரேமில் இல்லை. மூக்கின் ஓரம் விரியத் தொடங்கிவிட்டது, உதடு இன்னும் அசையவில்லை. பிறகு கீழிமைகள் இறுகின. அதன் பிறகு நடந்ததைப் பார்த்து நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். படிக்கிற பிள்ளையைச் சிரித்து நோகடிக்கக்கூடாது என்று அத்தை சிரிப்பை அடக்க முயல்கிறார். வாயின் வலக்கோடி அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உள்ளே மடங்கிக் கீழே இறங்குகிறது. இடக்கோடிக்கு அந்தக் கட்டளை போய்ச் சேரவில்லை. ஏழு வாரமாகச் 'சிரி' என்றால் சிரிக்காத அந்தப் பக்கத்துக்குச் 'சிரிக்காதே' என்றாலும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு மேலே ஏறிச் சிரிக்கிறது. பதினான்கு ஃப்ரேம்கள், அதாவது கால் நொடிக்குச் சற்றே கூடுதலான நேரம், ஒரே முகத்தில் ஒரு பாதி சிரித்தும் மறுபாதி அதை அடக்கியும் நிற்கின்றன. பதினைந்தாம் ஃப்ரேமில் வலப்பக்கம் தோற்று, இரண்டு கோடிகளும் சேர்ந்து ஏறுகின்றன. சாதாரண வேகத்தில் பார்த்தால் ஒரு பாட்டி சிரிக்கிறார், அவ்வளவுதான்.

வள்ளுவர் குறிப்பறிதலைச் சொல்லும்போது முகத்தைப் பற்றி 'தான் முந்துறும்' என்றார். உள்ளம் உவந்தாலும் காய்ந்தாலும் அதை அறிந்து முகம் தானே முந்திக்கொள்ளும் என்பது பொருள். வகுப்பில் பல முறை சொல்லிக் கொடுத்த குறள்தான். அந்தப் பதினான்கு ஃப்ரேம்களைப் பார்த்த பிறகே 'தான்' என்ற சொல்லின்மேல் என் கண் நின்றது. தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை எண்ணி, அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்தார். மெய்யில் படுவது மெய்ப்பாடு. உள்ளே நிகழ்வது உடம்பின்மேல் வந்து தோன்றிவிடுவது. ஒவ்வொன்றும் எவ்வெவற்றால் பிறக்கும் என்றும் நான்கு நான்காக வகுத்தார். நகை பிறக்கும் இடங்களில் ஒன்று பேதைமை, மற்றொன்று இளமை. எட்டு வயதுப் பையனின் பல்லியில் இரண்டும் இருக்கின்றன.

கணநேரத்தில் தோன்றி மறையும் இத்தகைய முகக்குறிகளை 1966இலேயே ஹாகார்ட், ஐசக்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் சிகிச்சை அறைப் படச்சுருள்களை மெதுவாக ஓட்டிப் பார்த்துக் கண்டறிந்தார்கள். பின்னர் உளவியலாளர் பால் எக்மன் அவற்றை நுண்முகக்குறிகள் என்று பேர் பெறச் செய்தார். நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குவரை நீடிப்பவை என்றார். தொலைக்காட்சிக் கணக்கில் சொன்னால் ஒன்று முதல் ஐந்து ஃப்ரேம். இதை வைத்துக்கொண்டு பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம், ஒருவர் மனத்தில் உள்ளதைப் படித்துவிடலாம் என்று பின்னால் எழுந்த வியாபாரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சீர்தூக்கி, முக அசைவை மட்டும் பார்த்து உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்று 2019இல் எழுதினார்கள். முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் 2022இல் அறிவித்தது. அத்தை சிரிப்பை அடக்கியது பையனுக்காக என்று எனக்குத் தெரிந்தது நாற்பது ஆண்டுகள் அவரோடு வாழ்ந்ததால். எந்த ஃப்ரேமிலும் அது எழுதியிருக்கவில்லை. வலிப்பு என்று ஓர் இயந்திரம் சொல்லியிருந்தாலும் படத்தில் அதை மறுக்க ஒன்றுமில்லை.

அந்த நாற்பது நிமிடத்தில் இன்னொன்றும் இருந்தது. இருபத்தெட்டாம் நிமிடத்தில் தெருவில் ஓர் ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு போனது. அத்தையின் முகத்தில் இரண்டு நொடி வந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, காரணத்தைச் சொல்கிறேன். முதல் தொகுப்பில் அதை வைத்திருந்தேன். பார்த்த எவரும் மறக்க முடியாத இடம் அது என்று எனக்குத் தெரிந்திருந்தது. உண்மையைச் சொன்னால், அதை நடுவில் வைத்துத்தான் மற்றதையெல்லாம் அடுக்கியிருந்தேன். அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். பல்லி வந்த இடத்தில் மீண்டும் சிரித்தார். ஆம்புலன்ஸ் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "சிரிச்சது எல்லாருக்கும். இது எனக்கு மட்டும்" என்றார். நான் வாதாடவில்லை. தொகுப்பிலிருந்து எடுத்தேன், மூலப் பதிவிலிருந்தும் அந்தப் பகுதியை அழித்தேன், அழித்ததை அவர் பார்க்கும்படி அழித்தேன்.

தானாக வரும் முகத்தை எடுக்கிற கலைக்கு இந்த இடத்தில் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஒருவர் தாமாகக் காட்டும் முகத்தை எடுத்தால் அவர் கொடுத்ததை எடுத்தோம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். தம் வசத்தில் இல்லாத முகத்தை எடுத்துவிட்டு, 'கேமரா இருப்பது அவருக்குத் தெரியுமே' என்று சொல்வது போதாது. 1996 ஏப்ரலில் எங்கள் நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரில், நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முதல் விசாரணையில், சித்திரவதைப்பட்ட ஒருவர் பேச முடியாமல் விம்மியபோது தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார். அந்தப் படம் உலகம் முழுவதும் போனது. கேமரா தம் கண்ணீரின் பக்கம் போய், துன்பப்பட்டவரின் பக்கமிருந்து பார்வையைத் திருப்பிவிட்டது என்று உணர்ந்த டூட்டு, இனிப் பொதுவில் அழுவதில்லை என்று முடிவெடுத்தார். முகத்தை அடக்கிக்கொண்டது அங்கே நேர்மைக்குக் குறைவான செயலன்று. நம் கோயில்களில் தைப்பூசக் காவடியின்போதும் இதை நினைத்துக்கொள்கிறேன். அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போனை நீட்டிப் படமெடுத்து மாலைக்குள் ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். அருள் இறங்கிய பின் அவரிடம் போய், 'இது உங்கள் முகம், இதை நான் வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை, இரண்டு ஆண்டுகள் அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இனிமேல் கேட்டுத்தான் எடுப்பேன்.

அத்தையின் படம் இப்போது ஒன்பது நிமிடம். பாதி வேகத்தில் ஓடுகிறது, ஒலியில்லை, நடுவில் ஓர் இடத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. அதை மறைக்க நான் எதுவும் செய்யவில்லை. சென்ற மாதம் தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில், சுவரிலிருந்த தொலைக்காட்சியில் அதைப் போட்டோம். அத்தையும் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். நான் திரைக்கு முதுகைக் காட்டிப் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல்லி வரும் இடத்தில், ஒலியே இல்லாமல், எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமல், முன்வரிசைப் பிள்ளைகளின் கன்னங்கள் ஒவ்வொன்றாகத் திரளத் தொடங்கின. சுவீடனில் டிம்பெர்க் என்பவர் 1982இல் முகத்தில் மின்முனைகளை ஒட்டி இதை அளந்திருக்கிறார்: சிரிக்கும் முகத்தின் படத்தைப் பார்ப்பவரின் கன்னத் தசை, வெளியே தெரியாத அளவுக்காவது, தானும் இழுபடுகிறது. எங்கள் கூடத்தில் அதற்கு மின்முனைகள் தேவைப்படவில்லை.

படம் முடிந்ததும், அந்தச் சிரிப்பு எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். பையனின் பேரைச் சொல்லாமல் பல்லியைப் பற்றி மட்டும் சொன்னேன்; ஆனால் அவனே எழுந்து, "அது நான்" என்றான். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அத்தையின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். நாக்கை மேலண்ணத்தில் மடித்து வைத்து ஒரு கணம் நிதானித்து, "நான் தினமும் பள்ளிக்குச் செல்கிறேன்" என்று படித்தான். ளகரம் சரியாக விழுந்தது. அத்தை அவனைப் பார்த்துச் சிரித்தார். வலக்கோடி மட்டும் மேலே ஏறியது. அவன் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்காரும்வரை அதை இறக்காமல் வைத்திருந்தார்.